நான் லோடிங் இல்லீங்க

ரேட் கேட்பது என் தொழில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காஸ்டிங் பார்க்கிறேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒரு டி-ஷர்ட் படத்தை அனுப்பி, ‘இதை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?’ என்று கேட்பார். நூல், நிட்டிங், சாயம், தையல், செக்கிங், அயர்னிங், அட்டைப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் நாலு இடத்தில் ரேட் வாங்கிக் கூட்டி, அதற்கு மேல் கம்பெனிக்கு ஒரு லாபம் வைத்து, நான் பதில் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் சோலி. பட்டன்காரர் பத்துப் பைசா ஏற்றிச் சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும். விலையைக் குறைக்கும் வரை போனை வைக்கமாட்டேன். அப்படிப்பட்டவள் தன் உயிருக்கே ரேட் வாங்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்? சத்தியமாகச் சொல்கிறேன், தேர் நோம்பித் திருவிழாவுக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஆரம்பம் மட்டும் அப்படி இல்லை. ஒரு நாள் காலையில் மண்ணரைத் திருப்பத்தில் ஒரு பஸ் என் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. வண்டியோடு ஓரத்து மண்ணில் சரிந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, சோற்றுப் பாத்திரம் ரோட்டில் உருண்டது, அவ்வளவுதான். நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால், மண்ணில் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், எனக்கு வந்த பயம் ஒன்றுதான். நான் போயிருந்தால் வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் என்ன ஆவார்கள்?

இரண்டு பேர் என்றால் என் வீட்டுக்காரரும் எங்கள் மகளும். அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, நின்று வேலை செய்யவும் முடியாது. வீட்டிலேயே உட்கார்ந்து பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார். அதில் வருவது பாலுக்கும் காய்கறிக்கும் சரியாகப் போகும். வாடகை, பள்ளிக்கூடம், அவருடைய மருந்து எல்லாம் என் சம்பளத்தில்தான். மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

அன்று மதியமே முடிவு செய்தேன். என் பேரில் ஒரு கோடி ரூபாய்க்கு டெர்ம் இன்சூரன்ஸ். அதாவது, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் இவர்களுக்கு வர வேண்டும். பையர்கள் எங்களுக்கு டார்கெட் விலை சொல்வார்கள், அதைத் தாண்டினால் ஆர்டர் கிடையாது. நானும் எனக்கு ஒன்று வைத்துக்கொண்டேன்: மாதம் ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா நகரமாட்டேன். கெடுவும் இருந்தது. இருபத்தாறு நாளில் எனக்கு முப்பத்தைந்து வயது. பிறந்த நாள் தாண்டினால் வயசுக்கு ஏற்ப ரேட்டும் ஏறிவிடும் என்று ஆபீசில் சொன்னார்கள்.

முதலில் வந்தவர் எங்கள் பெரியப்பா மகன். அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு போன் போட்டதும் பைலும் கையுமாக வந்துவிட்டார்.

“வருசம் அறுவதாயிரம் கட்டு கண்ணு. பத்து லட்சம் கவர். புள்ள கல்யாணத்துக்கு ஆச்சு பாரு” என்றார்.

“பிரேக்-அப் குடுங்ணா.”

“என்னது?”

“இந்த அறுவதாயிரத்துல என்ற உசுருக்கு எத்தனை, சேமிப்புக்கு எத்தனை, உங்க கமிசன் எத்தனை? தனித்தனியா எழுதிக் குடுங்க.”

அண்ணன் பேனாவை மூடிவிட்டார். “இருவது வருசமா பாலிசி போடறேன், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. சொந்தக்கார ஒறம்பரைக்குள்ள போயி பிரேக்-அப் கேக்கறயே, நல்லா இருக்குதா?”

“நூலு வாங்கறப்பவே கேப்பனுங்ணா. உசுருக்குக் கேக்காம உடுவனா?”

என் வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கோ வேகம் பிடித்துக்கொண்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எல்லாக் கம்பெனி ரேட்டையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற தளம். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, புகையிலைப் பழக்கம் உண்டா, வருமானம் எவ்வளவு என்று நாலே கேள்விதான். பட்டனைத் தட்டியதும் பத்துப் பன்னிரண்டு ரேட் வரிசையாக வந்து நின்றது. ஒரு கம்பெனி மற்றவர்களில் பாதிதான் போட்டிருந்தது. மாதம் ஐநூறு! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பக்கத்து சீட்டு மெர்ச்சண்டைசர் பெண், “ஏனுங்க்கா, ஆர்டர் வந்துருச்சா?” என்று கேட்டது.

உட்கார்ந்த பிறகுதான் தொழில் புத்தி வேலை செய்தது. பாதி விலைக்கு ஒருவன் கொடுத்தால் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? எங்கள் தொழிலில் 140 ஜிஎஸ்எம் துணியும் டி-ஷர்ட்தான், 180 ஜிஎஸ்எம் துணியும் டி-ஷர்ட்தான். மெல்லிசுத் துணிக்கும் கனத்த துணிக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஐநூறு ரூபாய்க்காரன் எனக்கு நாற்பத்தைந்து வயது வரைக்கும்தான் பாதுகாப்பு தருகிறான். அதற்குப் பிறகு நான் சாகக் கூடாது போலிருக்கிறது! இன்னொருவன் எண்பத்தைந்து வரைக்கும் போட்டு விலையைத் தூக்கியிருந்தான். அடுத்தவன் விபத்து, பெரிய நோய் என்று நான் கேட்காத இரண்டு சமாச்சாரங்களைச் சேர்த்து டிக் போட்டு வைத்திருந்தான். மற்றொருவன் சொன்ன விலை முதல் வருஷத்துக்கு மட்டும் தள்ளுபடி விலை.

அட கெரகத்தே என்று ஒரு ஸ்பெக் ஷீட் தயாரித்தேன். ஒரு கோடி. அறுபது வயது வரை. எல்லா வருஷமும் ஒரே தொகை. கூடுதல் இணைப்பு எதுவும் வேண்டாம். புகையிலை கிடையாது. இந்த ஒரே ஸ்பெக்குக்கு நாலு கம்பெனியிடம் ரேட் கேட்டேன். முன்பு மலைக்கும் மடுவுக்குமாக இருந்த விலைகள் இப்போது கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிட்டன. அதில் எனக்குப் பிடித்த கம்பெனி மாதம் தொள்ளாயிரத்து எண்பது சொன்னது. டார்கெட்டுக்கு இருபது ரூபாய் கீழே! அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் என் போன் நம்பர் ஊரெல்லாம் போயிருந்தது. பல்லு விளக்கும்போது ஒரு கால், பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது ஒரு கால். இதற்கு முன் யாரும் என் உயிர் மேல் இவ்வளவு அக்கறை காட்டியதே இல்லை. அவர்களில் ஒரு பெண் மட்டும் பொறுமைசாலி. நான் தேர்ந்தெடுத்த கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து பேசுகிறவள். அவளிடம் கேட்டேன்.

“ஏனுங்க, என்னைய நீங்க பாத்ததே இல்ல. அப்பறம் எப்படி ரேட் போட்டீங்க?”

“மேடம், இது உங்க ஒருத்தருக்கான ரேட் இல்ல. உங்க வயசுல, புகையிலைப் பழக்கம் இல்லாம, ஆரோக்கியமா இருக்கற ஆயிரக்கணக்கான லேடீஸுக்கான ரேட். அதுல யாரு எப்போ இறப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா எத்தனை பேர் இறக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தச் செலவ எல்லார் மேலயும் பிரிச்சுப் போடறாங்க. மேல ஆபீஸ் செலவு, லாபம்.”

“அட சாமி! இது ரிஜெக்ஷன் பர்சென்டுங்க!” என்று கத்திவிட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஆயிரம் பனியன் தைத்தால் எந்த பீசில் ஓட்டை விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை பீஸ் கழியும் என்று அனுபவத்தில் தெரியும். கழிகிற பீசின் விலையை நல்ல பீஸ்கள் மேல் பிரித்துப் போட்டுத்தான் ரேட் சொல்வோம். துணி மட்டமாக இருந்தால் அந்த பர்சென்ட் ஏறும். அவள் சிரித்துக்கொண்டே, “கரெக்ட் மேடம், வயசு கூடினா ஏறும், புகையிலை போட்டா ரொம்ப ஏறும், எடை, செய்யற வேலை, அப்பா அம்மாவுக்கு வந்த நோய், எல்லாம் பாப்பாங்க” என்றாள். பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் பெண்கள் சராசரியாக அதிக நாள் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பொழுதோடு வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

“உங்களவிட என்ற ரேட்டு கம்மியாமுங்க மாமா. பொம்பளைங்க கெட்டி.”

“இத்தனை வாயிக்கும் சேத்தா கம்மி?” என்றார் அவர்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகு வருவதுதான் நிஜமான ரேட், இப்போது பார்ப்பது ஒரு தோராயம்தான் என்றாள். எங்கள் ஊரில் சேம்பிளுக்கு ஒரு விலை, பல்க் ஆர்டருக்கு ஒரு விலை. சேம்பிள் விலையை நம்பி ஆர்டர் எடுத்துத் தெருவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாத சங்கதியா? ஆனால் சந்தோஷத்தில் அது காதோடு போய்விட்டது.

விண்ணப்பத்தை வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து நிரப்பினோம். எடை என்ற இடத்தில் அறுபத்து நாலு என்று போட்டேன். அது மகள் பிறந்த காலத்து எடை. தாயார் இறந்த வயது, காரணம் என்று ஒரு கட்டம். அம்மா கொமரலிங்கத்தில் வயல்வேலை செய்தவர். நாற்பத்தெட்டில் போய்விட்டார். காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. என்ன நோய் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ‘காலில் புண்’ என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுக்கிற பையன் காலையில் வீட்டுக்கே வந்தான். கையோடு எடை மெஷினும் கொண்டு வந்திருந்தான். எழுபத்தொன்று காட்டியது.

“மெசினு தப்புங்க தம்பி” என்றேன்.

“எல்லாரும் அதைத்தானுங்க்கா சொல்றாங்க” என்று எழுதிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் எங்களுக்கு ஷிப்மெண்ட். ஒரு கண்டெய்னர் சரக்கு சாயந்தரத்துக்குள் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் ஆள் இரண்டு பேர் வரவில்லை என்று என்னையும் கீழே அனுப்பிவிட்டார்கள். பெட்டிகள் ஏறுவதை எண்ணிக்கொண்டு வண்டி ஓரத்தில் நிற்கிறேன், தொண்டை கிழிகிறது, அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சரிபார்ப்பு கால்.

“மேடம், நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு உறுதிப்படுத்தணும்.”

“லோடிங்ல இருக்கேனுங்க! அப்பறம் கூப்புடுங்க!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். திருப்பூரில் இருக்கிற யாருக்கும் இது புரியும். லோடிங் என்றால் வண்டியில் சரக்கு ஏற்றுவது. அவர்கள் மறுபடி கூப்பிட்டபோது பேசி முடித்தேன், அத்தோடு மறந்தும் போனேன்.

பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது சென்னைப் பெண் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மேடம், உங்க பைல் வந்திருச்சு. ஆனா லோடிங் போட்டிருக்காங்க. ஐம்பது பர்சென்ட் கூடும். மாசம் ஆயிரத்து நானூத்தி எழுபது வருது.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “லோடிங்கா? நானா? நான் லோடிங் இல்லீங்க!”

“மேடம், அது வந்து...”

“அன்னைக்கு வண்டிகிட்ட நின்னேன், அவசரத்துல சொல்லிப்போட்டேன். நான் ஏசி ரூமுல கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ற ஆளுங்க. பொட்டி தூக்கறவ இல்லீங்க!”

“மேடம், ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளுங்க...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ப்ரூஃப் அனுப்பறேன்” என்று வைத்துவிட்டேன். மெயிலைத் திறந்து பார்த்தால் அதிலும் அதே சொல், ‘லோடிங் ஐம்பது சதவீதம்’. காரணம் என்று கேட்டால், ‘எங்கள் மதிப்பீட்டின்படி’. சம்மதமா இல்லையா என்று பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். என்ன அநியாயம்! மூட்டை தூக்குகிறவருக்கு ஆபத்து அதிகம், அதனால் ரேட் அதிகம் என்று நானே கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

அன்றைக்கு ஆபீசே என் பக்கம். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கம்பெனி லெட்டர்ஹெட்டில், ‘இவர் எங்கள் நிறுவனத்தில் காஸ்டிங் பிரிவில் பணிபுரிகிறார். சுமை தூக்கும் பணியில் எக்காலத்திலும் ஈடுபட்டதில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார். பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஏசிக்குக் கீழே உட்கார வைத்துப் படம் எடுத்தது. ஏசி தெரிய வேண்டும் என்பதற்காக என் தலை பாதி வெட்டுப்பட்டுவிட்டது. அதையும் அனுப்பினோம்.

சங்கதி கீழே வரைக்கும் போய்விட்டது. லோடிங் ஆட்களின் மேஸ்திரி மதுரைப் பக்கத்துக்காரர். மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றார்.

“ஏன் மேடம், லோடிங்னு சொல்லிப்புட்டாங்கன்னு அம்புட்டுக் கோவமாமே? எங்க உசுருக்கெல்லாம் ரேட்டு ரொம்பக் கூடவோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பதினைந்து வருஷமாக எங்கள் சரக்கைத் தோளில் ஏற்றுகிற மனிதர். “அப்படியில்லீங்க மேஸ்திரி, தப்பாப் பேசிப்போட்டேன்” என்றேன். அவர், “அட, சும்மா கேட்டேன் மேடம்” என்று இறங்கிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் கடிதம் கிடைத்தது. லோடிங்கில் மாற்றம் இல்லை.’ பிறந்த நாளுக்கு இன்னும் நாலே நாள். மறுநாள் அரை நாள் பர்மிஷன் போட்டுக்கொண்டு, அவிநாசி ரோட்டில் இருக்கிற அவர்களுடைய கிளைக்கே கிளம்பினேன். “நீ தனியாப் போனா அந்த ஆபீஸ்ல கண்ணாடி மிஞ்சாது” என்று வீட்டுக்காரரும் ஊன்றுகோலோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

அங்கே இருந்த அதிகாரி நம்ம பக்கத்துக்காரர்தான். தன்மையாக உட்கார வைத்தார். நான் உட்காராமல் கடிதத்தை மேஜையில் வைத்தேன்.

“படிச்சுப் பாருங்க சார். முதலாளியே எழுதிக் குடுத்திருக்காரு. நான் லோடிங் இல்லீங்க.”

அவர் படித்தார். ‘சுமை தூக்கும் பணியில் எக்காலத்திலும்’ என்ற இடத்துக்கு வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது அந்த லோடிங் இல்லீங்க. ரேட்டு மேல எச்சா ஏத்தற தொகையத்தான் நாங்க லோடிங்னு சொல்றது. உங்க வேலைக்குப் போடலீங்க.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஏசி படம் வரைக்கும் அனுப்பியதைச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். “அப்ப எதுக்குத்தான் சார் ஏத்துனாங்க?” என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் என் பைலைத் திறந்தார். கொஞ்ச நேரம் படித்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“சக்கரைக்கு மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?”

“யாருக்குங்க? எனக்கா?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை அச்சடித்து என் முன்னால் வைத்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்று ஒரு வரி. இருக்க வேண்டியது இவ்வளவு, உங்களுக்கு இருப்பது இவ்வளவு என்று இரண்டு எண்களைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். எண்களைப் பார்த்தாலே பேசுகிறவள் நான். அன்று அந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

“அம்மாவுக்குக் காலுல புண்ணுன்னு எழுதியிருக்கீங்க. ஆறாத புண்ணுங்களா?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மாவுக்கு என்ன நோய் என்று, அவர் போய்ப் பதினாறு வருஷம் கழித்து, இன்சூரன்ஸ் ஆபீசில் தெரிந்துகொண்டேன். பயந்துவிட்டேன். பஸ் உரசியபோது வந்த பயம் எழுந்து நின்றதும் போய்விட்டது. இது போகவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஏஜெண்ட் அண்ணனுக்கு வீட்டுக்காரர்தான் போன் போட்டார். அண்ணன் பழைய கோபத்தையெல்லாம் மறந்துவிட்டு ஓடிவந்தார், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அவர் சொன்ன யோசனை என் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

“கண்ணு, இதை வேண்டாம்னு உட்டுரு. ரத்தம் எடுக்காமப் போடற கம்பெனி இருக்குது, சின்னத் தொகையா ரெண்டு மூணு எடத்துல போட்டுக்கலாம். சக்கரைன்னு எழுதாதே. யாருக்குத் தெரியப்போவுது?”

“ஏனுங்ணா, ஒருக்கா எங்க கம்பெனில சாயம் மாறுன பீஸ பொட்டிக்கு அடியில வெச்சு அனுப்பிப்போட்டாங்க. இங்க யாருக்கும் தெரியல. அங்க போயி எறங்குனதும் மொத்தக் கண்டெய்னரையும் வேண்டாம்னு திருப்பிப்போட்டான். நான் இருக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாதுங்க, சரி. நான் போன பொறவு அவங்க தோண்டிப் பாப்பாங்க. அன்னைக்கு இவரு ஊனுகோலோட, புள்ளயக் கூட்டிக்கிட்டு, அந்த ஆபீஸ் வாசல்ல போயி நிக்கோணுமா?”

அண்ணன் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்த நாளுக்கு முந்தின நாள் சம்மதம் அனுப்பிப் பணத்தைக் கட்டினேன். ஆயிரம் ரூபாய் டார்கெட், ஆயிரத்து நானூற்று எழுபது ரேட். தொகையை அறுபத்தைந்து லட்சமாகக் குறைத்தால் டார்கெட்டுக்குள் அடங்கிவிடும் என்று அந்த அதிகாரி சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் படித்து முடிக்கும் வரைக்கும், வீட்டுக்காரருடைய மருந்துக்கும் வாடகைக்கும் ஒரு கோடிதான் சரியாக வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். சென்னைப் பெண்ணுக்கும் போன் போட்டு, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம், உடம்பப் பாத்துக்கோங்க” என்றாள்.

அதே வாரம் டாக்டரிடம் போனோம். ஆரம்ப நிலைதான், இப்போதே தெரிந்தது நல்லதாயிற்று, மாத்திரையோடு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் அடக்கிவிடலாம் என்றார். மூன்று மாதத்தில் எந்த எண்ணுக்கு வர வேண்டும் என்று கேட்டேன். சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது! டார்கெட் கொடுத்துவிட்டார்கள் அல்லவா? பாதிப் பயம் அங்கேயே போனது. வீட்டுக்கு வந்து ஒரு ஷீட் போட்டேன். இட்லி எத்தனை, சோறு எத்தனை கரண்டி, நடை எத்தனை நிமிஷம் என்று மகள் தினமும் நிரப்ப ஆரம்பித்தாள். ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டால் அதற்கும் ஒரு வரி எழுதிவிடுவாள், கெட்டிக்காரி.

பாலிசிப் பத்திரம் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். நான் நடக்கக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏனு, இதை அறுவது வயசு வரைக்கும் கட்டோணுமா?” என்று கேட்டார்.

“ஆமாங்க மாமா.”

“அறுவது முடிஞ்சு நீ நல்லா இருந்தீன்னா, நமக்கு என்ன தருவாங்க?”

“ஒண்ணும் தரமாட்டாங்க.”

“கட்டுனதாவது?”

“ஒத்தப் பைசா வராதுங்க. அத்தனையும் போச்சு.”

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“எனக்கு அந்த ஒரு கோடி வேண்டாம் கண்ணு” என்றார். “அந்த ஒண்ணுமில்லாததையே வாங்கிக் குடு.”